காக்கும் பேய்: 'பொந்தியானாக்' படமும் தோட்டத் தமிழரும்

மனித ஆற்றலை மிஞ்சிய காவலர் ஒருவரை நடுவில் நிறுத்தி, அவரது கதையைப் பேய்க்கதையின் முறையில் சொல்லும் படம் அதிநாயகத் திகில் படம் எனப்படும். கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சியை நாயகியாக்கிய 'லோகா' என்ற மலையாளப் படம் 2025இல் பெற்ற வெற்றியால் இவ்வகை புதிதாகத் தோன்றினாலும், இதன் வேர்களை 1957ஆம் ஆண்டின் மலாயாத் திரையிலேயே காணலாம்.

அவ்வாண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் வெளியான 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தைக் கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக இயக்கியவர் பி. என். ராவ். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவியே பொந்தியானாக் என்பதும், அதன் பிடரியில் ஆணி அறைந்தால் அது அடங்கும் என்பதும் மலாய் மக்களின் நம்பிக்கை. மரியா மெனாடோ நடித்த சோமெல் என்னும் கூனல் பெண், இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மந்திரத்தால் அழகியாகிறாள். பாம்பு கடித்த கணவனின் நஞ்சை வாயால் உறிஞ்சும்போது அந்நிபந்தனை முறிந்து, காக்க முனைந்த செயலாலேயே அவள் பேயாகிறாள்.

ராவ் இதற்கு முன் தமிழில் 'பிரகலாதா' (1939) உள்ளிட்ட புராணப் படங்களை இயக்கியவர். தூணைப் பிளந்து வரும் நரசிம்மத்தின் கொடிய உருவமே குழந்தைக்குப் புகலாகும் அக்கதையைக் கையாண்ட ஒருவர், அஞ்சத்தக்கவளிடம் பரிவுக்கும் இடம் வைத்ததில் வியப்பில்லை.

படம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடியதாகக் கூறப்படுகிறது. இதன் தொடர்ச்சியாக 'டெண்டாம் பொந்தியானாக்' (1957), 'சும்பா பொந்தியானாக்' (1958) ஆகிய படங்களையும் ராவே இயக்கினார். போட்டி நிறுவனமான ஷா சகோதரர்களும் 1958இல் 'அனாக் பொந்தியானாக்' படத்தை வெளியிட்டனர்.

போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தமிழருக்கு, அச்சமும் காவலும் ஓருருவில் குடிகொள்ளும் என்ற எண்ணம் அந்நியமானதன்று. வாளேந்தி விழி பிதுங்க நிற்கும் முனீஸ்வரரைக் காவல் தெய்வமாக வணங்கி, விடியுமுன் இருள் விலகாத நிரைகளில் பால்மரம் சீவச் சென்ற அம்மக்கள், மலாய்க் கம்பங்களின் (சிற்றூர்களின்) பொந்தியானாக் கதைகளையும் தம் மோகினிக் கதைகளோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தனர். தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டும் வழக்கமும் அவர்களிடையே இருந்தது.

முதல் 'பொந்தியானாக்' படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. தொடர் படங்களுள் 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியுள்ளது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறி மக்களும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், திடலிலும் கொட்டகையிலும் கண்ட படங்களைப் பற்றி முதியோர் கூறுவனவற்றைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போதே ஒலிப்பதிவு செய்துவைக்க வேண்டும்; ஏனெனில், அப்படங்களைத் தோட்டத் தமிழர் எவ்வாறு ஏற்றனர் என்பதற்கு அவர்களின் வாய்மொழியே முதன்மைச் சான்றாகும்.