உங்களுக்குத் தெரியுமா? போதையிலிருந்து மீளும் லத்தினா தாய்மார்

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார் பலர் போதைச் சிகிச்சைக்கு வரத் தயங்குவதும் பிள்ளைகளை நினைத்துத்தான். வந்தபின் பாதியில் விடாமல் தாக்குப்பிடிப்பதும் பிள்ளைகளை நினைத்துத்தான். குடும்பத்தைத் தனிமனித விருப்பத்துக்கு மேலாக வைக்கும் இந்த மரபை ஆய்வாளர்கள் ‘ஃபமிலிஸ்மோ’ என்கிறார்கள். அது எப்போதும் கைகொடுப்பதில்லை. தாய் என்றால் தியாகம் என்ற எதிர்பார்ப்பு, போதைக்குப் பழகிய பெண்ணை வாய்திறக்க விடாது. கூடச் சேர்ந்து போதைக்குப் பழகியவர் கணவரோ அண்ணனோ என்றால், வீடு திரும்புவதே ஆபத்து.

சட்டமும் நெருக்குகிறது. கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை ரத்து செய்ய மாநிலம் மனுப் போட வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம். போதையிலிருந்து மீள்வதோ, இடையிடையே சறுக்கல்களோடு, ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. பிள்ளை உறவினரிடம் வளர்ந்தால் மாநிலம் விலக்குத் தரலாம். ‘அபுவேலா’ எனப்படும் பாட்டி பேரனைத் தன்னிடம் வைத்துக்கொள்வதன் மதிப்பு இங்கேதான் தெரியும். அரசுப் பராமரிப்பிலுள்ள பிள்ளை தாயோடு சிகிச்சை இல்லத்தில் தங்கினால், 12 மாதம் வரை அதன் பராமரிப்புக்குக் கூட்டாட்சி நிதியைப் பயன்படுத்த 2018ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

குடும்பத்தையே சிகிச்சைக்கு அழைக்கும் முறை இந்தச் சட்டங்களைவிடப் பழையது. 1970களில் மயாமியில், கியூபக் குடும்பத்து இளைஞர்களுக்காக ஆய்வாளர் ஹோசே சபோச்னிக்கின் குழுவினர் அப்படிப்பட்ட ஒரு முறையை உருவாக்கத் தொடங்கினர். வீட்டார் அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்து, யாருக்காக யார் பதில் சொல்கிறார், யார் பேச்சை யார் வெட்டுகிறார் என்று சிகிச்சையாளர் கவனிப்பார்.