புரியும் பூட்டும்: வாய்வழி கெட்டிக்கும் ரைபிளைத் தேர்ந்தெடுத்தல்

மருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கெஜக்கோலால் கெட்டிக்கும் ரைபிள்கள் அமெரிக்காவில் இன்றும் வேட்டைக்கும் குறிபார்க்கும் போட்டிக்கும் விற்பனையாகின்றன. அவற்றில் இரண்டு மரபுகள் முக்கியமானவை. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது நீள ரைபிள். குழல் பெரும்பாலும் 40 அங்குலத்துக்கு மேல். மேப்பிள் மரக்கட்டை அதன் நுனிவரை ஓடும். மற்றது, செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மேற்கு மலைகளுக்குப் போன வேட்டைக்காரர்களுக்குச் செய்து கொடுத்தது. குழல் குட்டை, ஆனால் தடிமன். கட்டை பாதியில் நின்றுவிடும். எடை நான்கரை கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

வாங்குபவரின் கண் முதலில் போவது மரத்தின் வரியோட்டத்துக்கும் பித்தளை வேலைப்பாட்டுக்கும்தான். பார்க்க வேண்டியதோ குழலின் உட்புறத்தை. அங்கே வெட்டியிருக்கும் புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றை முடிக்கிறதோ, அதைப் பொறுத்தே குண்டு அமையும். துணியில் பொதிந்த உருண்டைக் குண்டுக்கு 60, 70 அங்குலத்தில் ஒரு சுற்று என்ற மெதுவான புரி போதும். நீண்ட கூம்புக் குண்டு புரண்டுவிடாமல் பறக்க 30 அங்குலத்தை ஒட்டிய சுற்று வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 48 அங்குலப் புரி ஒரு சமரசம். மரபு ரைபிளுக்கு உரியது உருண்டைக் குண்டு என்பதால் மெதுவான புரியே மேல்.

குழலின் விட்டம் வேட்டையைப் பொறுத்தது: அணிலுக்கு 0.32 அங்குலம், மானுக்கு 0.50, எல்க் போன்ற பெரிய விலங்குக்கு 0.54. விட்டம் கொஞ்சம் கூடினாலே குண்டின் எடை எகிறிவிடும். 0.45 குழலின் குண்டு சுமார் எட்டரை கிராம், 0.54க்கு உரியது 15 கிராமை நெருங்கும். 0.50 குழலில் இடுவது 0.49 அங்குலக் குண்டுதான். மிச்ச இடைவெளியை எண்ணெய் தடவிய துணி நிரப்பிப் புரியைப் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது பூட்டு. சக்கிமுக்கிப் பூட்டில், விசையை அழுத்தியதும் குதிரை எனப்படும் சுத்தி கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டை உரசும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். தீ பக்கத்துளை வழியே உள்ளே பாயும். மலிவான பூட்டுகள் சறுக்குவது இங்கேதான். குழலும் கிண்ணமும் காலி என்று உறுதிசெய்துகொண்டு, நிழலில் இயக்கிப் பார்த்தால் தெரியும்: நல்ல தகடு வெண்பொறிகளைக் கிண்ணத்தில் கொட்டும், மட்டமானது நாலைந்து சிவப்புப் பொறிகளோடு சோர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் வந்த, சிறு வெடிமூடியை அடித்துப் பற்றவைக்கும் கேப் பூட்டு ஈரத்தை நன்றாகத் தாங்கும், புதியவர்களுக்கு எளிது. ஆனால் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய தனி மான் வேட்டைப் பருவத்தில் சக்கிமுக்கிக்கு மட்டுமே அனுமதி. கருமருந்துக்கு மாற்றாக விற்கும் தூள்கள் பற்ற அதிகச் சூடு தேவை என்பதால் சக்கிமுக்கிக்கு அசல் கருமருந்தே சரி. புகையில்லா மருந்து எந்தப் பூட்டுக்கும் ஆகாது, குழல் வெடித்துவிடும்.

கட்டையின் தோள்பக்க முனையையும் கவனிக்க வேண்டும்: அங்கே பொருத்தும் பிறைவடிவ அடிப்பட்டை பார்க்க அழகு, ஆனால் தோளில் குத்தும். இடக்கையர்களுக்கு இடப்பக்கப் பூட்டு தனியாகவே கிடைக்கிறது.

பழைய ரைபிள் வாங்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்து உள்ளேயே கிடக்கலாம். குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, முகத்தையும் விலக்கி வைத்துக்கொண்டு, கெஜக்கோலை உள்ளே விட்டு வாய்மட்டத்தில் குறியிட வேண்டும். பிறகு அதைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால், காலிக் குழலில் கோலின் முனை பக்கத்துளை வரை எட்டும். எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுக்காமல் அதைத் தொடக்கூடாது.