குத்துவது ஒரு மணி... காப்பது மூணு வாரம்!

ஒரு காலத்தில் பச்சை குத்திக்கொள்ள யாரும் கடை தேடிப் போனதில்லை. குறவர் இனப் பெண்கள் கூடையும் ஊசியுமாக வாசலுக்கே வருவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி, சில்லறைக் காசு அல்லது கொஞ்சம் அரிசி. பில், ஜி.எஸ்.டி. எதுவும் கிடையாது!

அந்த மைக்கு ரெஸிபியே இருக்கிறது. எழும்பூர் மியூசியத்தின் சூபரிண்டெண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் கலந்து, துணியில் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை ரெடி. நாலைந்து தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டினால் மெஷின் ரெடி!

அப்புறம் படிப்பும் ஆபீஸும் வந்தன. கையில் கோலம் போட்ட பாட்டிகள் 'பட்டிக்காடு' ஆகிவிட்டார்கள். நடுவில் அரசியல்வாதிகள்தான் பச்சையைக் கைவிடாமல் காப்பாற்றினார்கள். எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கோவை செழியன் போன்றவர்கள் கட்சிக்குள்ளேயே எதிர்த்தார்கள். 2016-ல் ஜெயலலிதா பிறந்த நாளை ஒட்டி, சென்னையில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள்.

இன்று அதே பாட்டிகளின் பேத்திகள் தி.நகரிலும் அடையாறிலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பேர் மட்டும் மாறிவிட்டது... 'டாட்டூ'! தி.நகரில் மனைக்கு கிரவுண்டு கணக்கு. தோலுக்குச் சதுர அங்குலக் கணக்கு.

நானும் ஒன்றரை அங்குலம் வாங்கினேன். அம்மா போய் வருஷம் திரும்பிய சமயம். பரணில் அவளுடைய பால் கணக்கு நோட்டு கிடைத்தது. மாசக் கடைசியில் கூட்டல் போட்டு, கீழே 'சரோஜா' என்று கையெழுத்துப் போட்டிருப்பாள். பி.காம். படித்த என்னைவிட ஒழுங்கான கணக்கு! அந்தக் கையெழுத்தை அப்படியே இடது முன்கையில் ஏற்றச் சொன்னேன்.

"வலிக்குதா சார்?" என்றான் குத்திய தம்பி.

"இல்லப்பா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. முடித்ததும் அவன் சொன்னதுதான் முக்கியம். "சார், இது இப்போ படம் இல்ல, புண். மூணு வாரம் புண்ணு மாதிரி பாருங்க, அப்புறம் படம் மாதிரி பாருங்க."

தோலின் மேலடுக்கு சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதுசாகிவிடும். மை தங்குவது அதற்கும் கீழ் அடுக்கில். அங்கே உடம்பின் காவல்கார செல்கள் மையை விழுங்கிவிட்டு, ஜீரணிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். அந்த செல் செத்தால், புதுசாக வரும் செல் அதே மையை விழுங்கிக்கொள்ளும். பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளை வைத்து 2018-ல் சொன்ன விஷயம் இது. அப்பா விட்டுப்போன கடன் மாதிரி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே இருக்கும்!

ஆனால் முதலில் புண் ஆற வேண்டும். பொருக்கைப் பிய்த்தால் மையும் கூடவே வந்துவிடும். 'ரோ'வின் கால் உதிர்ந்தால் அம்மா 'சரேஜா' ஆகிவிடுவாளே! எனவே, இதோ நான் கடைப்பிடித்த சட்டதிட்டங்கள்:

* உட்காரும் முன்பே பாருங்கள். ஊசி பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். புதுக் கையுறை, சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்றிய மை. மிச்சம் குப்பைக்குப் போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் ஊருக்கே குத்தினால் மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாமே இலவச இணைப்பு! பி-க்காவது தடுப்பூசி உண்டு. சி-க்கு அதுவும் இல்லை.

* கையைக் கழுவாமல் பச்சையைத் தொடாதீர்கள். வாசனை இல்லாத சோப்பு, குழாய்த் தண்ணீர். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

* அவர்கள் சொன்ன களிம்பை, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகத் தடவுங்கள். வடை பொரிக்கிற அளவு வேண்டாம்.

* நாலைந்து நாளில் அரிக்கும். சொறியக் கூடாது. சித்திரை வெயிலில் சென்னையில் இதைவிடப் பெரிய தவம் கிடையாது!

* மூன்று வாரத்துக்கு மெரீனாவில் இறங்குவது, நீச்சல் குளம், கோயில் குளம் மூன்றும் கட். சட்டென்று குளித்துவிட்டு வரலாம். நேர் வெயிலும் படக் கூடாது.

* சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நேரே தோல் டாக்டரிடம்.

மூன்றாம் நாள் மாடி வீட்டு மாமி மஞ்சளை அரைத்தே கொண்டுவந்துவிட்டார். "எங்க காலத்துல இதானேப்பா போட்டோம்!" உண்மைதான்; தர்ஸ்டனும் அதையேதான் எழுதியிருக்கிறார். ஆனால் அம்மியில் அரைத்த மஞ்சளைத் திறந்த புண்ணில் வைப்பது இன்று எந்த டாக்டரும் சொல்லாத வைத்தியம். "வச்சுட்டுப் போங்க மாமி" என்று வாங்கி, சாம்பாரில் போட்டுவிட்டோம்.

குத்துவதற்கு முன் யோசிக்க வேண்டிய கணக்கும் உண்டு. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். குத்திக்கொண்டால் ஒரு வருஷம் ரத்ததானம் செய்ய முடியாது. ராணுவத்தில் சேர நினைக்கும் தம்பிகள் விதிகளைப் படித்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டுங்கள். முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர மற்ற இடங்களில் பச்சை இருந்தால் பொதுவாக எடுப்பதில்லை.

காதலி பேரைக் குத்தத் துடிக்கிறவர்களுக்கு பி.காம். பாடம் ஒன்று. எந்தச் சொத்தையும் பழசானால் குறைந்த விலைக்காவது விற்கலாம். இதைத் தூக்கிப்போட நாம்தான் காசு கொடுக்க வேண்டும்; அதுவும் வாங்கிய விலையைவிட அதிகமாக! லேசரில் பல ஸிட்டிங் உட்கார வேண்டும். அப்படியும் சில வண்ணங்கள் லேசில் போகாது.

என் கையில் பொருக்கு முழுக்க உதிர்ந்துவிட்டது. 'ரோ'வின் கால் பத்திரமாக நிற்கிறது. நோட்டில் இருந்த அதே சாய்வு, கடைசியில் 'ஜா'வை இழுத்து விடுகிற அதே அவசரம். அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாள் போலிருக்கிறது.

மனைவி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஏங்க, அடுத்தது என் பேர்தானே?"

அவள் பேர் ராஜராஜேஸ்வரி. சதுர அங்குலக் கணக்கைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!