மெக்ஸிகோ முறையில் பச்சை மக்காச்சோளக் கதிர்ப் பக்குவம்

மக்காச்சோளமும் மிளகாயும் மெக்ஸிகோ தேசத்தைப் பூர்வீகமாக உடையவை. ஸ்பானியர் 1492-ம் ஆண்டிற்குப் பின் அக்கண்டத்தில் இறங்கிய பிறகே இவை கடல் மார்க்கமாகப் பிற தேசங்களுக்குப் பரவின. நம் சமையலில் மிளகாய்க்குக் கிடைத்த இடம் மக்காச்சோளத்திற்குக் கிடைக்கவில்லை. அது பெரும்பாலும் கோழித் தீவனமாகவே விலைபோகிறது. மெக்ஸிகோ நகரத் தெருக்களிலோ இவ்விரண்டும் ஒரே கதிரின்மேல் சேர்ந்து விற்கப்படுகின்றன. அப்பண்டத்திற்கு அங்கே ‘எலோத்தே’ என்று பெயர்.

இது யாதெனில், வேகவைத்த அல்லது கரியடுப்பில் சுட்ட இளங்கதிரைக் குச்சியில் செருகி, புளித்த பாலேட்டையோ, முட்டைக்கருவும் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த மயோனெய்ஸையோ தடவி, உப்புப் பாலாடைக்கட்டித் தூளில் புரட்டி, மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் இட்டுத் தருவதாகும். அப்பாலாடைக்கட்டி மிச்சோகான் மாகாணத்திலுள்ள கொத்திஹா என்னும் ஊரின் பெயரால் வழங்குவது. சூட்டில் உருகாது, உதிரும்.

இதன் ருசி அடுப்பைக் காட்டிலும் வயலையே அதிகம் பொறுத்தது. பட்டுக்குஞ்சம் வெளிவந்து ஏறக்குறைய 20 நாட்களில், வெயில் கடுமையான பருவத்தில் சற்று முன்னதாகவே, கதிர் பறிக்கத் தகுந்ததாகும். குஞ்சம் பழுத்துக் காய்ந்தும் மேலுறை பச்சையாகவும் இருக்க வேண்டும். மணியை நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். நீர் தெளிவாக வந்தால் முற்றவில்லை, மாவாக வந்தால் காலம் கடந்துவிட்டது.

பறித்த பின்னும் மணியிலுள்ள சர்க்கரை மாச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கும். பழைய இனிப்பு ரகங்களில், 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், ஒரே நாளில் சர்க்கரையில் பாதியளவு போய்விடுகிறது. புதிய மிகையினிப்பு ரகங்கள் சில நாள் தாங்கும். ஆகையால் விடியற்காலையில் பறித்து, மேலுறையை உரிக்காமல் ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்து, அன்றே விற்றுவிடுதல் உத்தமம். வண்டிக்காக மறுநாள் வரை காத்திருக்கும் குடியானவர் சர்க்கரையை இழந்து, கதிர் விலையையும் இழக்கிறார். முழு நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவிட்டுப் பாத்தி பாத்தியாக விதைத்தால் இத்தொல்லை குறையும்.

இனிப்பு ரகத்தைத் தானிய ரகத்தின் அருகே ஒரே காலத்தில் பூக்கவிடலாகாது. தானிய ரகத்தின் மகரந்தம் விழுந்த மணிகள் அவ்வருஷமே மாவுத்தன்மை அடையும். விதை வியாபாரியைக் குறைகூறும் பலருடைய நஷ்டத்திற்குப் பக்கத்து வயலே காரணமாயிருக்கும். பூக்கும் காலம் இரண்டு வாரமாவது வேறுபடுமாறு விதைக்க வேண்டும்.

வீட்டில் செய்யும் விதம்: நான்கு கதிர்களை உரித்துக் கொதிநீரில் இட வேண்டும். இனிப்பு ரகத்திற்கு 5 முதல் 7 நிமிஷம் போதும். மெக்ஸிகோவில் வழங்கும் மாவுப்பாங்கான வெள்ளை ரகம் போன்றவற்றிற்கு அரைமணி வரை ஆகலாம். பிறகு தணல்மேல் திருப்பித் திருப்பிச் சில மணிகள் கருகும்வரை வாட்டலாம். முட்டை கொள்ளாதவர்கள் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர்வடித்த கெட்டித் தயிரை உபயோகிக்கலாம். பச்சை முட்டையில் கடைந்தது வெயில் காலத்தில் விரைவில் கெடுமாதலால் அதனினும் தயிரே மேல். பாலாடைக்கட்டிக்குப் பதிலாக, ஒரு லிட்டர் பாலை எலுமிச்சைச் சாற்றால் திரித்து வடிகட்டி, பாரம் வைத்து இறுக்கி, தாராளமாக உப்பிட்டு உதிர்த்துக்கொள்ளலாம்.

கதிர் சூடாயிருக்கும்போதே முதலில் தயிரைத் தடவ வேண்டும். அந்தப் பசை இல்லாவிடில் தூள் ஒட்டாது. அதன்மேல் கட்டித்தூள், பிறகு மிளகாய், கடைசியில் எலுமிச்சை. பல் உறுதியில்லாத முதியவர்களுக்கு மணிகளைச் சீவியெடுத்து, அதே சரக்குகளைக் கலந்து கிண்ணத்தில் தரலாம். மெக்ஸிகோவில் இதுவும் ‘எஸ்கீத்தே’ என்ற பெயரில் விற்கப்படுகிறது.

கதிர் ஒடித்த தட்டை அப்பொழுதும் பச்சையாகவே நிற்கும். அதை அன்றன்று வெட்டி நறுக்கி மாடுகளுக்குப் போடலாம். இளஞ்சோளத் தட்டையில் அஞ்சவேண்டிய நஞ்சு இதில் இல்லை.