ஒருவர் தோண்டிய கிணறு ஊருக்கே உதவட்டும்

தம்போய் என்ற ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள்? த, ம், போ, ய். மொத்தம் நான்கு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளையே சொல்லிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் கணினியைக் கேட்டால் அது ஏழு என்கிறது. கணினி பொய் சொல்லவில்லை. யூனிகோடு முறையில் ‘ம்’ என்பது ஒரே எழுத்தாகப் பதிவாவதில்லை. மகரத்திற்கு ஓர் எண், மேலே உள்ள புள்ளிக்கு ஓர் எண் என இரண்டாகப் பதிவாகிறது. ‘போ’, ‘ய்’ இரண்டும் அப்படித்தான். எண்ணிப் பாருங்கள், ஏழு வரும்.

ஜொகூர், தம்போயில் படிவம் நான்கில் படிக்கும் ஒரு மாணவி, தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றைக் கணினியில் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே இந்தச் சிக்கல் எதிரே வந்து நிற்கும். அதைத் தீர்க்க அவர் ஒரு வாரம் போராடுவார். ஈப்போவில் இன்னொருவர், மதுரையில் வேறொருவர், யாழ்ப்பாணத்தில் மற்றொருவர் இதே சிக்கலோடு போராடுவார்கள். நால்வரும் அருகருகே நான்கு கிணறு தோண்டுகிறார்கள். ஒருவர் தோண்டுவது மற்றவருக்குத் தெரியாது. இந்த வீண் உழைப்பைத் தடுக்க வந்ததுதான் நிரல்மொழிகளுக்கான பொதுப் பதிவேடு.

பதிவேடு என்பது என்ன?

குழந்தை பிறந்தால் பதிவிலாகாவில் பெயரைப் பதிகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளையை நாடெங்கும் அடையாளம் காண முடிகிறது. நிரலுக்கும் அப்படித்தான். ஒருவர் எழுதிய பயனுள்ள நிரலை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் விதமாகக் கட்டி வைத்தால் அது ஒரு ‘பொதி’. அந்தப் பொதியின் பெயர், பதிப்பு எண், எழுதியவர், பயன்படுத்துவோருக்கான உரிம விதி, அது இயங்கத் தேவைப்படும் மற்றப் பொதிகள் ஆகியவை பதிவேட்டில் குறிக்கப்படும். வேண்டியவர் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும். கணினியே பதிவேட்டைப் பார்த்து, தேவையான அனைத்தையும் இறக்கிக்கொள்ளும்.

பெர்ல் மொழிக்கான சிபான் களஞ்சியம் 1995-இல் வந்தது. பைத்தானுக்கான பைபிஐ 2003-இல் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் 2010-இல் தொடங்கியது. இன்று புதிதாக ஒரு நிரல்மொழி பிறந்தால், அதற்குப் பதிவேடு உண்டா என்பதே பலரும் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

தமிழுக்கு ஏற்கெனவே ஒரு பொதி

தம்போய் மாணவியின் சிக்கலுக்குத் தீர்வு உண்டா? உண்டு. ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பொதி பைபிஐ பதிவேட்டில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரிக்கும் வேலையை அது செய்து தருகிறது. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்த பொதி இது. எழில் மொழியில் திரையில் காட்டுவதற்கு ‘பதிப்பி’ என்றும், நிபந்தனைக்கு ‘ஆனால்’ என்றும் எழுதலாம். அந்த எழிலையும் அவர்கள் பைபிஐயிலேயே வைத்தார்கள். சிறிய சமூகம் தனி மாளிகை கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெரிய பொதுச் சந்தையில் ஒரு கடை எடுத்தாலும் சரக்கு உலகமெங்கும் போய்ச் சேரும்.

தனியாக அமைத்தாக வேண்டும் என்றாலும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஜூலியா என்ற மொழியின் பொதுப் பதிவேடு, பொதிகளின் பெயரும் முகவரியும் பதிப்பு விவரமும் அடங்கிய எளிய உரைக் கோப்புகளின் தொகுப்புதான். புதிய பொதி வந்தால் மூன்று நாள் காத்திருப்பு உண்டு. பெயர் பொருத்தமில்லை என்று தோன்றினால் அதற்குள் யாரும் சொல்லலாம்.

நான்கு விதிகள்

கருவி எதுவானாலும் நான்கு விதிகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவது, ஒரு பெயர் ஒரு பொதிக்கு மட்டுமே. இரண்டாவது, வெளியிட்ட பதிப்பை யாரும் சத்தமில்லாமல் மாற்றக்கூடாது; திருத்தம் வேண்டுமானால் புதிய எண்ணில் புதிய பதிப்பு வர வேண்டும். மூன்றாவது, பதிவேற்றுபவர் உண்மையிலேயே உரியவர்தானா என்று சோதிக்க வேண்டும். பைபிஐயில் 2024 முதல் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். நான்காவது, ஒரு பொதியை எப்போது நீக்கலாம், யார் நீக்கலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 மார்ச் மாதம் உலகம் பார்த்தது. ஒரு பெயருக்காக எழுந்த தகராறில், அந்தப் பெயர் ஒரு நிறுவனத்திற்கே என்று என்பிஎம் முடிவு செய்தது. மனம் வெறுத்த அஸர் கோச்சுலு என்ற நிரலாளர், தம் பொதிகள் அனைத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. வெறும் 11 வரி நிரல். ஆனால் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ அதை நம்பியிருந்தன. எல்லாம் உடனே தடுமாறின. என்பிஎம் அதை மீட்டு வைத்தது. பிறகு, வெளியிட்டு 24 மணி நேரம் கடந்த பொதியை நினைத்த மாத்திரத்தில் நீக்க முடியாது என்று விதியைத் திருத்தியது. அச்சாணி சிறியதுதான், அது கழன்றால் தேர் நின்றுவிடும்.

சாவி யார் கையில்?

பதிவேடு யாருடையது என்பதும் முக்கியம். பைபிஐயை நடத்துவது இலாப நோக்கற்ற பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை. என்பிஎம் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2020-இல் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த கிட்ஹப் அதை வாங்கியது.

இந்தப் பாடம் தமிழருக்குப் புதியதன்று. 1990-களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீடு வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் மற்றவர் திரையில் புரியாத குறிகளாக வந்து விழுந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 1997-இல் தமிழ்நெட் மாநாடு கூடியது. அங்கேயே 2000-இல் உத்தமம் அமைப்பு தொடங்கப்பட்டது. பல நாட்டவர் உட்கார்ந்து பேசித்தான் பொதுக் குறியீட்டை நோக்கி நகர முடிந்தது.

தமிழ் நிரல்கள் பலவும் வேலை முடிந்து இரவில் கண்விழிக்கும் தன்னார்வலர்களின் உழைப்பு. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டுமே இருந்து, அவர் ஓய்ந்துவிட்டால் அந்தப் பொதியும் அத்தோடு நின்றுவிடும். இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு பொதிக்கும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும். யாரும் தொடர்ந்து வளர்க்க இடம் தரும் திறந்த உரிமம் இருக்க வேண்டும். பயன்படுத்தும் முறை தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தம்போய் மாணவி நாளை தம் சொல் விளையாட்டை முடித்துவிடலாம். அதோடு நிறுத்தாமல், அதற்காகச் சேர்த்த சொற்பட்டியலைப் பொதியாக்கி, தோழி ஒருவரையும் பொறுப்பாளராகச் சேர்த்துப் பதிவேட்டில் வைக்கட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான். வடத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.