‘ஒரிஜினல்’ என்னும் சொல்லும் காரின் அடிப்பாகங்களும்

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கார் உதிரிப்பாகக் கடைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ‘ஒரிஜினல்’. அவ்வொரு சொல் நான்கு வேறு பொருள்களைக் குறிக்கக் காண்கிறோம். கார் நிறுவனத்தின் முத்திரைப் பெட்டியில் வருவது ஒன்று. அதே பாகத்தை அந்நிறுவனத்திற்குச் செய்துதரும் தொழிற்சாலை தன் சொந்தப் பெட்டியில் விற்பது மற்றொன்று. பெரும்பாலும் விலை குறைவு, தரம் அதுவே. அதே அளவில் பிறர் செய்யும் மாற்றுப்பாகம் மூன்றாவது. ஜப்பானிலிருந்து அறுத்துக் கொணரப்படும் ‘ஹாஃப் கட்’ வண்டியில் கழற்றிய பழம்பாகம் நான்காவது. ‘ஒரிஜினலா?’ என்று வினவுவதைக் காட்டிலும் ‘இந்நான்கில் எது?’ என்று வினவுதல் நன்று.

கெடாவில் இவ்வினாவுக்குத் தனி இன்றியமையாமை உண்டு. பாடாங் செராய், லுனாஸ், பீடோங் வட்டாரங்களில் தோட்டப்புறப் பள்ளிக்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியரின் கார், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் குழியாக்கிய செம்மண் சாலையையும் நெடுஞ்சாலையின் வேகத்தையும் ஒரே நாளில் தாங்க வேண்டியுள்ளது.

இடுப்பின் மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். காரின் ‘பால் ஜாய்ண்ட்’ அத்தகையதே. 1985இல் வந்த புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில், 2005இல் வந்த மைவி ஆகிய மூன்றிலும் முன்சக்கரத்தைக் கீழ்க்கையோடு இணைப்பது இம்மூட்டே. அதன்மேல் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் மசகு வெளியேறும், சேறும் நீரும் உட்புகும், கிண்ணம் தேயும். மேடுபள்ளத்தில் ‘டக் டக்’ என்னும் ஒலி முதலில் எழும். அதனைப் பொருட்படுத்தாவிடில் பந்து கிண்ணத்தைவிட்டுக் கழன்று, சக்கரம் மடங்கி, வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழக்கும். ஆதலால், கழற்றிய பழைய பந்துமூட்டை எவ்விலைக்கும் வாங்கலாகாது என்பது எம் கருத்து. உட்தேய்மானம் கண்ணுக்குப் புலப்படாது. ரப்பருக்கோ பயன்படாமலே முதுமை வந்துவிடும்.

‘அப்சார்பர்’ என்பதை அதிர்வுறிஞ்சி என்று மொழிபெயர்க்கும் வழக்கம் உண்டு. அச்சொல் நம்மைச் சற்றே திசைதிருப்புகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது சுருள்வில். வில் ஓயாது ஆடாமல் அடக்குவதே அப்சார்பரின் பணி. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கிச் செல்ல, ஆட்டம் தணிகிறது. அதிர்வடக்கி எனலே பொருந்தும். சொல் திருந்தினால் சோதனையும் திருந்தும்: வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் வில்லைப் பார்க்க வேண்டும், மேட்டைக் கடந்த பின்னும் மீண்டும் மீண்டும் குதித்தால் அதிர்வடக்கியைப் பார்க்க வேண்டும். தாழ்ந்து நிற்கும் காருக்கு அதிர்வடக்கியை மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் பலர். மாற்றும்போது இருபக்கமும் இணையாக மாற்றுதல் வேண்டும்.

வாங்குமுன் பட்டறையில் வண்டியைத் தூக்கித் தாங்கியில் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைக்கையில் தளர்ச்சி தெரிந்தால் பந்துமூட்டையோ சக்கர பேரிங்கையோ ஐயுறலாம். இடமும் வலமுமாக அசைக்கையில் தெரிந்தால் ஸ்டீரிங்கின் ‘டை ராட் எண்ட்’ தேய்ந்திருக்கக்கூடும்.

கடையில் பெட்டியை நம்பாது பாகத்தைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். பெயர்பெற்ற பெட்டியைத்தான் போலி செய்வோர் நாடுவர். உலோகத்தில் பொறித்த எண் பெட்டியின் எண்ணோடு ஒத்திருத்தல், மரை பிசிறின்றி இருத்தல், ரப்பர் உறை இறுகப் பொருந்தியிருத்தல் ஆகியவற்றைக் காண்க. பொய்யான வணிக முத்திரையைச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆனால், பற்றுச்சீட்டில் நிறுவனப் பெயரும் பாக எண்ணும் இல்லையேல் எதைக் காட்டி முறையிடுவது?

நல்ல பாகமும் பொருத்துவதில் கெடும். கீழ்க்கையின் ரப்பர் புஷ்களைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். வண்டியின் எடை சக்கரங்களில் ஊன்றியபின்னரே அம்மரைகளை இறுதியாக இறுக்க வேண்டும். டை ராட் எண்ட் மாற்றினால் அன்றே சக்கர நேரமைப்பையும் செய்துவிட வேண்டும். இல்லாவிடில் புதிய டயரின் விளிம்பு சில வாரங்களிலேயே தேய்ந்து காட்டும்.