வனவிலங்குகளையும் பருவ மாறுதல்களையும் குறித்து வைத்தல்
(ஹேவாஹெட்டப் பகுதிக் கமக்காரருக்கு)

மரக்கறிச் செய்கை பண்ணும் கமக்காரரே! போஞ்சி பிஞ்சு பிடிக்கும் வேளையில் குரங்குக் கூட்டம் இறங்கினால், பல வாரப் பாடு ஒரு காலையிலேயே வீணாகிவிடும். “இவ்வாண்டு குரங்கு மிகுந்துவிட்டது” என்று யாவரும் கூறுவர். எந்த மாதத்தில் மிகுந்தது, எத்திசையிலிருந்து வந்தது என வினவினால் விடை கூறுவோர் சிலரே. ஞாபகம் இதற்குப் போதாது. எழுதிவைத்த குறிப்பே உதவும்.

ஐந்து நிமிடக் கணக்கு

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆந் தேதி காலை 8 மணி முதல் 8.05 மணி வரை, பயிரை அழிக்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணும் பணி இலங்கை முழுவதும் நடைபெற்றது. மக்கள் தத்தம் காணிகளில் நின்று, கண்டவற்றை எண்ணி எழுதினர். ஒரே நேரத்தில் பலர் எண்ணுவது நல்ல முறையே. எனினும் ஐந்து நிமிடம் காட்டுவது அந்த ஐந்து நிமிடத்தை மட்டுமே. மாதந்தோறும் நிகழும் ஏற்றத்தாழ்வை அறிய, தொடர்ந்து எழுதுதல் வேண்டும். அதனைச் செய்யத்தக்கவர் அவ்விடத்திலேயே வாழும் நீங்களே.

கோப்பி தந்த பாடம்

1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்; அங்கே அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணம் இன்னதெனக் கண்டறியப்பட்டது. இலைத்துரு எனும் அந்நோய் காலப்போக்கில் மலைநாட்டுக் கோப்பிச் செய்கையை அழித்தது. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. பெருங்கேடும் முதலில் ஓரிலையிற் சிறு பொட்டாகவே தோன்றும். அதனைக் கண்ட நாளும் இடமும் எழுதப்படின், கேடு பரவும் வேகத்தை அளக்க இயலும்.

எழுதும் முறை

1. குறிப்புப் புத்தகம் ஒன்றில் தேதி, நேரம், இடம், விலங்கு, எண்ணிக்கை, பயிர், சேதம் என ஏழு நிரல்கள் இடுக.

2. வாரத்தில் ஒரு நாளைத் தெரிந்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால் மணி நேரம் நின்று எண்ணுக. விலங்குகளை விரட்டியபடி எண்ணலாகாது.

3. ஒன்றும் காணாத நாளில் “இல்லை” என எழுதுக. இது மிக முக்கியம். கண்ட நாளை மட்டும் எழுதினால், விலங்கு எந்நாளும் வந்ததாகவே பின்னர் தோன்றும்.

4. ஒரே கூட்டம் பல தோட்டங்களிலே திரியும். அயலவர் யாவரும் எண்ணியதைக் கூட்டினால் ஒரு குரங்கு பலமுறை எண்ணப்படும். கண்ட நேரத்தையும் அது சென்ற திசையையும் எழுதினால் இப்பிழையைக் களையலாம்.

5. ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுக. ஊகித்து எழுதிய எண் பயன்படாது.

பருவக் குறிப்புகள்

விலங்குகளோடு காலத்தின் அடையாளங்களையும் குறித்து வருக. சித்திரைப் புத்தாண்டை அண்டி முள்முருக்கு பூப்பதும் குயில் கூவுவதும் யாவரும் அறிந்தவை. அவை தொடங்கும் நாளை ஆண்டுதோறும் எழுதுக. ஆறுமணிக்குருவி ஏறத்தாழ செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் இந்தியாவிலிருந்து வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்லும். அதன் குரலை முதலிற் கேட்ட நாளையும் எழுதலாம். 1943-இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகத்தினர் இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து வந்துள்ளனர்.

முன்னர் பெரும்பாலும் உலர் வலயத்திலே காணப்பட்ட மயில், இப்பொழுது ஈர வலயத்திலும் காணப்படுகின்றது. உங்கள் ஊரில் மயிலைக் கண்டால் அந்நாளைத் தவறாது குறித்திடுக.

மழையை அளக்க, நேரான சுவருடைய தகரப் பாத்திரத்தை மரநிழலற்ற வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து கொட்டிவிடுக.

பயன் யாது?

இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால், விலங்குகள் மிகுதியாக வரும் மாதங்கள் தெரியவரும். காட்டுக் கனிகள் குறைந்த காலத்திலா, உங்கள் பயிர் காய்க்கும் காலத்திலா அவை வருகின்றன என்பதும் புலப்படும். அதற்கேற்ப நடுகைக் காலத்தை மாற்றலாம். காவலை அம்மாதங்களுக்கெனப் பகிர்ந்துகொள்ளலாம். வேலி முதலிய பாதுகாப்பு முறையைக் கைக்கொண்டால், அது தொடங்கிய நாளை எழுதி, முன்னும் பின்னும் ஏற்பட்ட சேதத்தை ஒப்பிடுக. பயன் தராத முறைக்கு மேலும் பணம் செலவிடுதல் அப்போது தவிர்க்கப்படும்.

ஒருவர் எழுதுவது ஒரு தோட்டத்தின் கதை. பத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் எழுதுவது ஊரின் கணக்கு. பாடசாலைப் பிள்ளைகளையும் இதிற் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்புப் புத்தகத்தை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள். வாய்முறைப்பாட்டிலும் தேதியிட்ட குறிப்பே வலுவுடையது. இவ்வாரமே ஒரு நாளைத் தெரிந்து தொடங்குங்கள்.